ஒட்டிய உறையைப் பிரிக்காதே

ஸ்ரீரங்கம்
18.1.2026, ஞாயிறு

அன்புள்ள மாப்ளே,

தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் வணக்கம் போடுகிறவன் எதற்கு ஸ்பீடு போஸ்டில் கடிதம் அனுப்புகிறான் என்று யோசிப்பாய். உள்ளே இன்னொரு சின்ன உறை இருக்கும். ஓரமெல்லாம் பசை தடவி, மடிப்பின் மேல் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். அதைப் பிரிக்காதே. எதற்கு என்று கடைசியில் சொல்கிறேன். ரிஜிஸ்டர் போஸ்ட்டில் அனுப்பலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படித் தனியாக இனி கிடையாதாம், போன செப்டம்பரிலேயே ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். நம் காலத்துச் சாமான்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருக்கின்றன.

முட்டி எப்படி இருக்கிறது? மாடி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று உன் வீட்டுத் தங்கச்சி போனில் சொன்னாள். ஏறு, ஆனால் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்க்கிற வேலையெல்லாம் வேண்டாம். இங்கே பொங்கலுக்கு மகளும் பேரனும் வந்திருந்தார்கள். நேற்றுத்தான் ரயிலேற்றிவிட்டு வந்தேன். வீடு வெறிச்சென்று இருக்கிறது. அதனால்தான் இத்தனை நீளக் கடிதம்.

"ஓடுகிற விண்டோஸை விட்டுவிட்டு இந்த வயதில் உனக்கு எதுக்குடா லினக்ஸ்?" என்று தீபாவளிக்குப் பேசும்போது கேட்டாய். விண்டோஸுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரை இயக்குகிற லினக்ஸுக்கு நான் ஏன் போனேன் என்று அன்றைக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. விண்டோஸ் 10-க்கு இலவசமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தன. கேட்டுப் பதிவு செய்துகொண்டால் இன்னும் ஒரு வருஷம் நீட்டிப்பு உண்டு. விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால் இன்டெல்லில் எட்டாம் தலைமுறைச் சிப்பாவது வேண்டும். மகள் கழித்துக் கொடுத்த என் லேப்டாப் 2016-இல் வாங்கியது, ஆறாம் தலைமுறை. இது ஒரு காரணம்.

இன்னொரு காரணத்தை உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ராத்திரி ரயிலில் என் லேப்டாப் பை திருட்டுப் போனது ஞாபகம் இருக்கிறதா? "பாஸ்வேர்டு போட்டிருக்கிறேன், எவன் திறக்க முடியும்" என்று உன்னிடம் வீறாப்பாகப் பேசினேன். அப்புறம் வேறு ஒரு வேலையாக ரிப்பேர் கடைக்குப் போனபோது அந்தப் பையனிடமும் இதையே சொன்னேன். அவன் சிரித்துக்கொண்டே மேஜையில் கிடந்த ஒரு பழைய லேப்டாப்பின் டிஸ்க்கைக் கழற்றி, ஒரு டப்பாவுக்குள் போட்டு, யூஎஸ்பி வயரில் தன் கம்ப்யூட்டரோடு இணைத்தான். எல்லா ஃபோல்டரும் வரிசையாக வந்து நின்றன. பாஸ்வேர்டே கேட்கவில்லை. லாகின் பாஸ்வேர்டு வாசலில் உட்கார்ந்திருக்கிற காவலாளி மாதிரி, கொல்லைப்புறமாக வருகிறவனை அவனுக்குத் தெரியாது. என் பான் கார்டு, ஆதார், பாங்க் பாஸ்புக் பிரதி எல்லாம் அந்தப் பையில் திறந்தபடி போயிருக்கின்றன என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

அதனால் இந்தத் தடவை முதல் காரியமாக டிஸ்க் முழுவதையும் குறியாக்கம் செய்வது என்று முடிவு செய்தேன். லினக்ஸில் பல வகை உண்டு, நான் மின்ட் என்பதைப் போட்டிருக்கிறேன், 22 வரிசை. 2029 வரை திருத்தங்கள் வரும். நிறுவும்போது ஒரு இடத்தில் டிக் போட்டால் போதும், டிஸ்க்கில் எழுதுவதெல்லாம் பூட்டிய எழுத்தாகவே போய் விழும். லக்ஸ் என்று பெயர். இனி டிஸ்க்கைக் கழற்றி எந்த டப்பாவில் போட்டாலும் வெறும் குப்பைதான் தெரியும். விண்டோஸிலும் இப்படி ஒரு பூட்டு உண்டு. நான்தான் போட்டதில்லை.

அந்தப் பூட்டுக்குச் சாவி ஒரு கடவுச்சொற்றொடர். இங்கேதான் உனக்குப் பிடித்த விஷயம் வருகிறது. மனிதன் தானாக யோசித்து வைக்கிற பாஸ்வேர்டு எல்லாம் பேரன் பெயரும் பிறந்த வருஷமுமாகத்தான் இருக்கும். பகடை போட்டுச் சொற்களைப் பொறுக்குவதுதான் நல்ல முறை. எங்கள் வீட்டில் ஏது பகடை? அம்மாவின் வெண்கலத் தாயக்கட்டை இருந்தது. ஒரு கட்டைக்கு நான்கு முகம். நான்கு தடவை உருட்டினால் 256 விதமாக விழலாம். உன் தங்கச்சியை உட்காரவைத்து அடுக்களையிலிருந்தும் தோட்டத்திலிருந்தும் 256 சொற்கள் சொல்லச் சொன்னேன். கரண்டி, சொம்பு, முருங்கை, திரி என்று சொல்லிக்கொண்டே வந்தாள், நூற்று எண்பதுக்கு மேல் சண்டை வந்துவிட்டது. வரிசை எண் போட்டு, நான்கு உருட்டலுக்கு ஒரு சொல் வீதம் எட்டுச் சொற்கள் எடுத்தேன். கணக்குப் போட்டுப் பார், 2-ஐ 64 தடவை பெருக்கின எண். சதுரங்கக் கட்டங்களில் ஒன்று, இரண்டு, நான்கு என்று நெல்மணி வைத்து ராஜாவின் களஞ்சியத்தையே காலி செய்த கதையில் கடைசியில் வருகிற மொத்தம் இதைவிட ஒன்றுதான் குறைவு. முறையை உன்னிடம் சொல்வதால் ஒரு பாதகமும் இல்லை. என்ன விழுந்தது என்பதுதான் ரகசியம்.

ஆனால் ஒரு கூத்து நடந்தது. கம்ப்யூட்டர் உயிர்பெறுவதற்கு முன்பே சாவி கேட்பதால் அங்கே தமிழ் விசைப்பலகை கிடையாது. தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். மூன்றாம் நாள் காலையில் திறக்கவில்லை. திரும்பத் திரும்ப அடிக்கிறேன், தவறு என்கிறது. ஒரு மணி நேரம். வியர்த்துவிட்டது. கடைசியில் பார்த்தால் என் எட்டில் ஒரு சொல்லில் ழகரம் இருக்கிறது. முதல் நாள் அதை இரண்டு எழுத்தாக அடித்திருக்கிறேன், அன்றைக்கு ஒற்றை எழுத்தாக அடிக்கிறேன். நெடிலுக்கு ஓர் 'ஏ'யா இரண்டா என்பது அடுத்த வில்லங்கம். ழ, ள, ண, நெடில் எல்லாவற்றையும் பட்டியலிலிருந்து தூக்கிவிட்டுப் புதிதாக உருட்டினேன். உன் தங்கச்சி மறுபடியும் உட்காரவேண்டியதாயிற்று.

மற்றதெல்லாம் நினைத்ததைவிடச் சுலபம். மின்ட்டை நிறுவ அதன் தளத்திலிருந்து இறக்கிய கோப்பு அசல்தானா என்று சரிபார்ப்பதை மட்டும் விட்டுவிடாதே. 2016 பிப்ரவரியில் மின்ட்டின் சொந்தத் தளத்துக்குள்ளேயே யாரோ புகுந்து, திருட்டுத்தனமாக உள்ளே நுழையப் பின்கதவு வைத்த பதிப்புக்கு இணைப்பை மாற்றிவிட்டார்கள். அன்றைக்கு அங்கிருந்து இறக்கியவர்கள் அதையே நிறுவியிருப்பார்கள். கோப்புக்கு ஒரு நீள எண் கொடுத்திருப்பார்கள், நம் கணக்கில் வருவதோடு ஒத்துப் பார்க்கலாம். ஆனால் அந்த எண்ணும் அதே தளத்தில்தானே இருக்கிறது? திருடன் அதையும் மாற்றமாட்டானா? அதற்காகத்தான் எண்ணின் மேல் மின்ட்காரர்கள் மட்டுமே போடக்கூடிய டிஜிட்டல் கையெழுத்து. இரண்டையும் பார்த்தேன். பாங்க்கில் இருந்த காலமெல்லாம் செக்கில் தொகையும் கையெழுத்தும் பார்த்த உனக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

உன்னை நினைத்துக்கொண்ட இன்னொரு கதை. 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃப்ராயண்ட் என்ற மென்பொருள்காரர், ஒரு கம்ப்யூட்டருக்குள் தொலைவிலிருந்து நுழையும்போது வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாகிறது என்று கவனித்தார். அரை நொடிதான்! விடாமல் தோண்டினால், கோப்புகளைச் சுருக்குகிற எக்ஸ்இசட் என்ற மென்பொருளுக்குள் யாரோ பின்கதவு வைத்திருப்பது தெரிந்தது. வைத்தவன் இரண்டு வருஷத்துக்கு மேல் ஒழுங்காக வேலை செய்து நம்பிக்கை சம்பாதித்தவன். ஐந்து பைசா இடிக்கிறது என்று ராத்திரி பதினொரு மணிக்குப் பேரேட்டைப் பிரித்துவைத்துக்கொண்டு கிளையையே வீட்டுக்கு அனுப்பாமல் வைத்திருந்தாயே, அந்த ஜாதி அவர். நாங்கள் உன்னைத் திட்டியதற்கு இப்போது வாபஸ். அந்தக் கெட்ட பதிப்பு, புதுசு புதுசாகச் சோதித்துப் பார்க்கிறவர்களின் லினக்ஸ்களில்தான் நுழைந்திருந்தது. மின்ட் மாதிரி நிதானமாக நகர்கிறவற்றுக்கு வந்து சேரவில்லை. "லேட்டஸ்ட் போட்டுக்கோங்க தாத்தா" என்று பேரன் சொன்னதற்கு நான் அசையாததன் காரணம் இதுதான்.

அப்புறம், ஃபயர்வால் என்கிற தீச்சுவரை இயக்க வேண்டும். மின்ட்டில் இருக்கும், ஆனால் அணைந்தே இருக்கும். உள்ளே வருவதை மறி, வெளியே போவதை விடு, அவ்வளவுதான். ஆன்டிவைரஸ் போடவில்லை. லினக்ஸுக்குக் கிடைக்கிற இலவச ஒன்று பெரும்பாலும் விண்டோஸ் வைரஸைத்தான் தேடும். வைஃபை ரௌட்டரின் அடியில் ஸ்டிக்கரில் அச்சடித்திருந்த பாஸ்வேர்டை ஐந்து வருஷமாக மாற்றாமல் இருந்தேன், அதை மாற்றினேன். பேரனுக்குத் தனிக் கணக்கு, நிறுவுகிற அதிகாரம் இல்லாமல். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

எல்லாம் சுகம் என்று சொல்லமாட்டேன். பிரின்டர் வேலை செய்யவில்லை. அதற்கு லினக்ஸ் டிரைவர் ஒழுங்காக இல்லை. தேடினால் எவனோ ஒருவன் எழுதிவைத்த நிரல் கிடைத்தது, நிர்வாகி பாஸ்வேர்டு கொடுத்து ஓட்டச் சொன்னது. கை துறுதுறுத்தது. அந்த ஒரு பாஸ்வேர்டைக் கொடுத்தால் அந்த நிரல் எதை வேண்டுமானாலும் செய்யலாம். குழாய் ஒழுகுகிறது என்பதற்காகத் தெருவில் போகிறவனைக் கூப்பிட்டு பீரோ சாவியைக் கொடுப்பாயா? விட்டுவிட்டேன். இப்போது சன்னதித் தெருவில் ஜெராக்ஸ் கடைக்கு நடக்கிறேன். சுகருக்கு நல்லது. டிரஸ்ட் கணக்கு மென்பொருளும் விண்டோஸில்தான் ஓடும், அதற்கு டிரஸ்ட் ஆபீஸ் கம்ப்யூட்டர். 2003-இல் நம் யூனியன் மலருக்கு நீ எழுதின கட்டுரை பழைய எழுத்துருவில் இருந்தது. திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டியது. யூனிகோடுக்கு மாற்றிப் படித்தேன். அப்போதே நீ பஞ்சப்படியில்தான் முடித்திருக்கிறாய்.

லேப்டாப்புக்குப் புதுசாக ஒரு டிஸ்க் (எஸ்எஸ்டி) வாங்கி அதில்தான் மின்ட் போட்டேன். பழைய டிஸ்க், எதற்கும் இருக்கட்டும் என்று பீரோவில் கிடந்தது. ஒரு மாதம் கழித்துத்தான் மண்டையில் ஏறியது. புது வீட்டுக்குத் திண்டுக்கல் பூட்டு போட்டுவிட்டு, அதே நகைகளின் இன்னொரு செட்டைத் திண்ணையில் வைத்திருக்கிறேன்! வேண்டியதையெல்லாம் ஒரு வெளி டிஸ்க்குக்குப் பிரதி எடுத்து, அதையும் லக்ஸால் பூட்டி, திறந்து சரிபார்த்தபின், போகியன்று காலையில் பழையதை அழித்தேன். ஒரு டெராபைட், மேலே குப்பை எழுதி முடிக்க மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. வெளியே பாயும் துடைப்பமும் எரிகிற புகை, உள்ளே இது.

சரி, உறை விஷயத்துக்கு வருகிறேன்.

அக்கவுன்ட்ஸில் இருந்தாரே, கோவில்பட்டிக்காரர், போன ஆவணியில் போய்ச் சேர்ந்தாரல்லவா. துக்கம் கேட்கப் போனபோது அவர் மகள் ஒரு லேப்டாப்பைக் கொண்டுவந்து வைத்தாள். "அங்கிள், உங்களுக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே, அப்பா இன்ஷூரன்ஸ், எஃப்டி எல்லாம் இதில்தான் எழுதி வைத்திருக்கிறார், திறந்து கொடுங்கள்" என்றாள். அதில் டிஸ்க் குறியாக்கம் போட்டிருந்தார். என்னால் முடியவில்லை, யாராலும் முடியாது. பெண் கல்யாண போட்டோவும் அதற்குள்தான். திரும்பி வருகிற பஸ்ஸில், திருடனுக்குப் பயந்து நான் பூட்டப்போகிற பூட்டில் வெளியே நிற்கப்போவது யார் என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

லக்ஸில் ஒரு வசதி, ஒரே பூட்டுக்குப் பல சாவிகள் வைக்கலாம். புதிய வடிவத்தில் 32 வரை. எனக்கு ஒன்று. இரண்டாவதை வேறு எட்டுச் சொற்களாக உருட்டி, அந்த உறைக்குள் எழுதி வைத்திருக்கிறேன். மற்ற பாஸ்வேர்டுகளையெல்லாம் போட்டு வைத்திருக்கிற என் பாஸ்வேர்டு பெட்டகத்தைத் திறக்கிற சொற்களும் அதன் கீழே இருக்கின்றன. தபாலில் யாராவது பிரித்தாலும் கம்ப்யூட்டர் இங்கே, சாவி அங்கே. இங்கே திருடன் வந்தாலும் அப்படியே. பாங்க் லாக்கரில் இரண்டு சாவி போட்டுத் திறப்போமே, கிட்டத்தட்ட அதுதான். உறை கிழிந்து வந்திருந்தால் உடனே போன் செய், அந்தச் சாவியை மட்டும் இங்கிருந்தே ரத்து செய்துவிட்டு வேறு அனுப்புகிறேன்.

இங்கே உன் தங்கச்சியிடம் "மாப்ளேகிட்ட கேள்" என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். எழுத்துக்கூட்டல் பட்டியலும் உள்ளே இருக்கிறது, எந்தச் சொல்லிலும் ழகரம் இல்லை. உன் பீரோவில் எல்ஐசி பத்திரங்களோடு வை. உனக்கு என்னைவிட ஆறு மாதம்தான் மூப்பு என்பதால், உறை எங்கே இருக்கிறது என்று உன் மகனிடமும் ஒரு வார்த்தை சொல்லிவை.

உன்னுடைய சாவிகள் எங்கே இருக்கின்றன என்று நான் கேட்கவில்லை. ஆனால் என் பீரோவிலும் இடம் இருக்கிறது.

மாசியில் முட்டி சரியானதும் வா. கொள்ளிடக் கரையில் மெதுவாக நடக்கலாம்.

இப்படிக்கு
உன் பழைய ரூம்மேட்

பி.கு.: தாயக்கட்டையைத் திரும்ப டப்பாவில் வைக்க மனம் வரவில்லை. தினமும் ராத்திரி நானும் உன் தங்கச்சியும் ஒரு ஆட்டம் போடுகிறோம். இதுவரை அவள் பதினொன்று, நான் நான்கு.