பெட்டியைப் பிரிக்கும் முன்பே முடிவு செய், கண்ணு

அன்புள்ள சரவணனுக்கு,

அம்மா எழுதுகிறேன். "யூடியூபில் காட்டச் சொல்லி ஒரு கம்பெனி ஓசியில் கொடுத்த போனுக்கு நான் எதுக்கும்மா வரி கட்டணும்?" என்று நேற்று குதித்தாயே, அதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். நீதான் பேச விடவில்லை. ஆடிட்டர் ஆபீசில் காலம் தள்ளியவள் நான், எழுத்தில் கொடுத்தால்தான் எனக்கும் திருப்தி.

அந்தக் கம்பெனி கேட்டது சரிதான். 2022 ஜூலை முதல் இருக்கிற விதி இது. தொழில் செய்கிற ஒருவருக்கு ஒரு கம்பெனி வருடத்தில் 20,000 ரூபாய்க்கு மேல் பொருளாகக் கொடுத்தால், அதன் மதிப்பில் 10 சதவீதம் டி.டி.எஸ்., அதாவது கொடுக்கும்போதே பிடிக்கும் வரி, கட்டப்பட வேண்டும். பணமாகக் கொடுத்தால் பிடித்துக்கொண்டு மீதியைத் தரலாம், போனில் எதைப் பிடிப்பது? அதனால்தான் 60,000 ரூபாய் போனுக்கு 6,000 கட்டிவிட்டு, கட்டியதற்கான ரசீதான சலானின் நகலை அனுப்பச் சொல்கிறார்கள். அந்த 6,000 வீண் போகாது, உன் வருட வரியில் கழிந்துவிடும். ஆனால் 60,000 ரூபாயையும் நீ வரவில் எழுதியாக வேண்டும்.

வீடியோ எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்த போனுக்கு இந்த வம்பே கிடையாது. அதனால் வைத்துக்கொள்வதா, அனுப்புவதா என்று பெட்டியைப் பிரிக்கும் முன்பே முடிவு செய். அனுப்பினால் கூரியர் ரசீதைத் தூக்கிப் போடாதே. தங்கச்சிக்குக் கொடுத்தாயே ஒரு போன், அதுவும் உன் வரவுதான். அவளிடம் இதைச் சொல்லிக் காட்ட வேண்டாம், பாவம்.

அப்புறம், எனக்கு இதைவிடப் பெரிய கவலை அட்வான்ஸ் டாக்ஸ், அதாவது வருடம் முடியும் முன்பே தவணையாகக் கட்டும் வரி. வேலையில் இருந்தவரை சம்பளத்திலேயே பிடித்துவிட்டார்கள், உனக்குத் தெரியவே இல்லை. இப்போது உனக்கு நீயேதான் முதலாளி, கணக்குப்பிள்ளை எல்லாம். பிடித்தம் போகக் கட்ட வேண்டிய வரி 10,000 ரூபாய் வந்தாலே ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் என்று நான்கு தவணை, ஒவ்வொன்றும் 15ஆம் தேதிக்குள். தவறினால் மாதத்துக்கு 1 சதவீதம் வட்டி. "12 லட்சம் வரைக்கும் வரி இல்லையே" என்பாய். 2025-26லிருந்து புது வரி முறையில் அது உண்மைதான். ஆனால் செலவெல்லாம் போக 15 லட்சம் நின்றால் செஸ் என்கிற கூடுதல் வரியோடு சேர்த்து 1,09,200 ரூபாய் வரி. சம்பளக்காரர்களுக்குக் கழிக்கும் 75,000 ரூபாயும் உனக்குக் கிடையாது. யூடியூப் பணம் வந்ததும் ஒரு பங்கை வேறு கணக்கில் போட்டுவை. அந்தப் பணத்தில் லென்ஸ் வாங்காதே.

யூடியூபில் வரி விவரப் படிவம் நிரப்பினாயா? நிரப்பியிருந்தால் அமெரிக்காவில் பார்த்தவர்களால் வந்த பணத்தில் மட்டும் 15 சதவீதம் பிடிப்பார்கள். அதை இங்கே உன் வரியில் கழித்துக் கேட்கலாம். நிரப்பாமல் விட்டால் உலகம் முழுக்க வரும் வருமானத்தில் 24 சதவீதம் வரைக்கும் கை வைப்பார்கள்.

ஜி.எஸ்.டி.க்கு லாபத்தைப் பார்க்க மாட்டார்கள், மொத்த வரவுதான் கணக்கு. 20 லட்சம் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும். யூடியூபிலிருந்து வரும் வெளிநாட்டுப் பணத்தை ஏற்றுமதி என்று காட்டினால் அதற்கு வரி இல்லை. ஆனால் அந்த 20 லட்சத்தை எட்டுவதில் அதுவும் சேரும். பதிவு செய்த பிறகு விளம்பரம் பேசும்போது "ஜி.எஸ்.டி. தனி" என்று முதல் மெயிலிலேயே எழுதிவிடு. பேசி முடித்த பிறகு கேட்டால் யார் தருவார்கள்? 18 சதவீதம் உன் கையிலிருந்துதான் போகும்.

பேங்க் ஸ்டேட்மென்டையும் பில்களையும் இந்த வாரமே அனுப்பு. கேமரா பில் உன் பெயரில்தானே இருக்கிறது? அப்பா பெயரில் போட்டிருந்தால் இப்போதே சொல், அதற்கு என்ன செய்வதென்று எங்கள் பழைய ஆடிட்டரிடம் கேட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
அம்மா