பெரியக்காவின் கண்

அன்புள்ள சுடலை,

வீட்டில் எல்லாரும் சுகம். ஆனித் தேருக்கு வருகிறேன் என்று இந்த வருஷமும் ஏமாற்றிவிட்டாய். அந்தச் சண்டையை நேரில் வைத்துக்கொள்வோம். இப்போது பெரியக்கா விஷயம்.

அவளுக்கு இடது மேல் இமையில் கட்டி வந்து வந்து போனது உனக்குத் தெரியும். சூட்டுக்கட்டி என்று நாமக்கட்டியை உரசிப் போட்டாள். இங்கே ஒரு டாக்டர் இரண்டு தடவை கீறிவிட்டார். கீறி எடுத்ததை ஒரு தடவையாவது பரிசோதனைக்கு அனுப்பியிருக்க வேண்டாமா? எனக்கு ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. மறுபடி அதே இடத்தில் கிளம்பியபோது இமை ஓரம் மஞ்சளாகத் தடித்து, அங்கே மட்டும் முடி உதிர்ந்திருந்தது. மதுரை டாக்டரம்மா அந்த மொட்டை இடத்தைத்தான் டார்ச் அடித்து வெகுநேரம் பார்த்தார். உடனே பயாப்சி. கேன்சர்.

இமைக்குள் எண்ணெய் சுரக்கும் சுரப்பியில் வருவதாம். மேல் இமையில் அந்தச் சுரப்பிகள் கூடுதல், அதனால் அங்கேதான் அதிகம். வெள்ளைக்காரர்களுக்கு அபூர்வம், நம் நாட்டில் அப்படியில்லை. கண்கட்டி மாதிரியே இருந்து ஏமாற்றிவிடும். நம் முருகன் அண்ணாச்சிக்கும் கட்டி திரும்பத் திரும்ப வருகிறது என்றாயே, கீறினால் அதைப் பயாப்சிக்கு அனுப்பச் சொல்.

ஆப்பரேஷனில் கட்டியோடு சுற்றிலும் நோயில்லாமல் நன்றாக இருப்பதாகத் தெரிந்த இடத்தையும் 5 மில்லிமீட்டர் சேர்த்து எடுத்தார்கள். வெட்டிய ஓரங்களை உறைய வைத்து அப்போதே மைக்ராஸ்கோப்பில் பார்த்து, ஓரம் சுத்தம் என்று சொல்லும்வரை தையல் போடவில்லை. மேல் இமையில் பெரும்பகுதி போய்விட்டதால் கீழ் இமையிலிருந்து சதையை மேலே இழுத்துத் தைத்தார்கள். 6 வாரத்துக்கு மேல் அந்தக் கண் மூடியே கிடந்தது. பிறகு இன்னொரு ஆப்பரேஷனில் பிரித்துவிட்டார்கள். இப்போது கண் திறக்கிறது, மூடுகிறது. இமையில் முடிதான் இல்லை. கண் உலராமல் இருக்கச் சொட்டு மருந்து விடுகிறாள். பார்வைக்குக் குறைவில்லை, அரிசியில் கல் பொறுக்குகிறாள்.

என் கவலை இனிமேல்தான். "எல்லாத்தையும் வெட்டி எடுத்தாச்சுல்லா, பொறவு என்னத்துக்குலே மதுரைக்கு?" என்று செக்கப்புக்கு வர மறுக்கிறாள். ஓரம் சுத்தமாக இருந்தாலும் இந்த ஜாதிக் கேன்சர் நடுவில் இடம் விட்டுத் தள்ளிப் போய் முளைக்கும். அதனால்தான் கண்ணின் உள்சவ்விலும் பல இடங்களில் துளித்துளியாக எடுத்துச் சோதித்தார்கள். முதல் சில வருஷங்களில்தான் பயம் அதிகம். சில மாதத்துக்கு ஒரு தடவை இமையைப் புரட்டிப் பார்க்க வேண்டும், காதுக்கு முன்னாலும் தாடைக்குக் கீழும் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். சின்னதாக இருக்கும்போதே பிடித்துவிட்டால் இன்னொரு தடவை வெட்டி எடுக்கலாம். விட்டால் கண்ணையே எடுக்க வேண்டிவரும், சுடலை. ராத்திரி இதை நினைத்தால் தூக்கம் வருவதில்லை.

அத்தான் சொல்லிப் பார்த்தார், நான் கத்திப் பார்த்தேன். சின்ன வயசிலிருந்தே அவள் உன் பேச்சைத்தான் கேட்பாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் பண்ணு. பயமுறுத்தாதே, "அக்கா, நானே லீவு போட்டு வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று மட்டும் சொல். சொல்லிவிட்டு நிஜமாகவே வா. புரட்டாசி முதல் வாரத்தில் தேதி கொடுத்திருக்கிறார்கள். நான் எழுதினேன் என்று அவளிடம் மூச்சு விடாதே.

உன்,
கணபதி