பாப்பாவுக்கு, மாத்திரையை மட்டும் விட்டுடாத

பாப்பா,

நல்லா இருக்கியாமா. வெள்ளிக்கிழமை மூட்டுவாத மாத்திரை போட்டியா? தினமும் போடுறதா இருந்தா பழக்கமாயிடும், இது வாரத்துக்கு ஒரே நாள், அதான் மறந்து போகும். போன்ல அலாரம் வச்சுக்கோ. போலிக் ஆசிடையும் டாக்டர் சொன்ன நாள்ல போட்டுடு. ரத்தம் டெஸ்ட் பண்றதை தள்ளிப் போடாத, அது லிவர்ல கை வைக்கிற மாத்திரை. இதெல்லாம் உனக்குத் தெரியும், நான் சொல்லி ஆகணும்னு இல்ல, ஆனாலும் சொல்றேன்.

இங்க எல்லாரும் சுகம். தம்பி வேலை மாறிட்டான், அதை அவனே சொல்லுவான். எனக்கு அக்கி காஞ்சுடுச்சு, விலாவுல பாதி பெல்ட் கட்டின மாதிரி தழும்பு மட்டும் இருக்கு, எரிச்சல் அப்பப்ப வருது. அம்மா உன்கிட்ட "லேசா வந்துச்சு"ன்னு சொல்லியிருப்பா. லேசு இல்லமா.

ராத்திரி ஒம்பது மணி ஜெபத்துல நீ வர்றது எனக்கு சந்தோஷம். கேமராவும் மைக்கும் ஆஃப்லதான் இருக்கு, முதல்ல நெட்வொர்க் சரியில்லன்னு நினைச்சேன், அப்புறம் வேலை அசதின்னு நினைச்சேன், இப்ப ஆறு மாசமாச்சு, உன் பேர் எழுதின கறுப்புக் கட்டம்தான் வருது. எல்லாரும் ஆமென் சொல்லும்போது நான் கண்ணை லேசா திறந்து அந்தக் கட்டத்தைப் பாக்குறேன். ஏன்னு கேக்க இதை எழுதல. சர்ச்சுக்குப் போறியான்னும் கேக்கல. மாப்பிள்ளைகிட்டயும் நான் ஒரு வார்த்தை கேக்கல, அம்மா கேட்டிருந்தா அதுக்கு நான் பொறுப்பில்ல.

அக்கி கதையை சொல்லிடுறேன். சின்ன வயசுல வந்த அம்மைக் கிருமி நரம்புக்குள்ள வருஷக்கணக்கா தூங்கிட்டு இருந்து முழிச்சுக்குமாம். கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள்ள மாத்திரை ஆரம்பிச்சா நல்லதுன்னு அம்மா ரெண்டாம் நாளே இழுத்துட்டுப் போயிட்டா. எனக்குன்னா அவ்வளவு வேகம், பாத்தியா. சட்டைத் துணி பட்டாலே நெருப்பு வச்ச மாதிரி இருக்கும், ராத்திரி மூணு மணிக்கு சட்டை இல்லாம சேர் நுனில குந்தியிருப்பேன். முப்பது வருஷம் ஊருக்கே ஜெபம் பண்ணவனுக்கு ஒரு வரி ஜெபம் வரலமா. "ஆண்டவரே"ன்னு ஆரம்பிப்பேன், அடுத்த வார்த்தை இருக்காது.

அப்பதான் நம்ம ஜெபக்குழு பிரதர் ஒருத்தர் பாக்க வந்தார். நல்ல மனுஷன்தான். உக்காந்து, தண்ணி குடிச்சு, மெதுவா கேட்டார், "அறிக்கை பண்ணாத பாவம் ஏதாவது உள்ள இருக்கா பிரதர், யோசிச்சுப் பாருங்க"ன்னு. எனக்கு வந்த கோவத்துல அந்த டம்ளரை எடுத்து எறிஞ்சிருப்பேன். அவர் போனப்புறம் ரொம்ப நேரம் சுவத்தைப் பாத்துட்டே இருந்தேன். ஏன்னா அந்தக் குரல் எனக்குப் பழக்கமான குரல். அதே மெதுவு, அதே இழுவை. உன் கட்டில் பக்கத்துல உக்காந்து நான் கேட்ட கேள்வி அது.

பிறவிக் குருடனைப் பாத்து சீஷர்கள் அதையேதான் கேட்டாங்க, இவன் செஞ்ச பாவமா, பெத்தவங்க செஞ்ச பாவமான்னு. ரெண்டுமில்லன்னு இயேசு சொல்லிட்டார். யோவான் 9, நான் எத்தனை தடவை அதுல பேசியிருப்பேன்! தூக்கம் வராத ராத்திரில பிலிப்பியரையும் திரும்பப் படிச்சேன். பவுல் காவல்ல இருந்துக்கிட்டு எழுதின கடிதம் அது. "கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்"னு நாலாம் அதிகாரத்துல எழுதுறவர், ரெண்டாம் அதிகாரத்துல தன்கூட ஊழியம் செஞ்ச எப்பாப்பிரோதீத்து சாகக் கிடந்ததைச் சொல்லிட்டு, அவன் போயிருந்தா எனக்குத் துக்கத்து மேல துக்கம் ஆயிருக்கும்கிறார். அந்த ஒரே கடிதத்துல ரெண்டும் இருக்கு. துக்கப்பட்டா விசுவாசம் இல்லன்னு அவர் எங்கயும் எழுதலமா, நான்தான் உனக்கு அப்படி சொல்லிக் குடுத்தேன். மாடியில இருந்து விழுந்து செத்த ஐத்திகுவை உயிரோட எழுப்பின அதே பவுல், கூட வந்த துரோப்பீமுவை மிலேத்து ஊர்ல வியாதியோட விட்டுட்டுப் போறார். அவனுக்கு விசுவாசம் பத்தலன்னு ஒரு வார்த்தை இல்ல. டோனாவூர் மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மா 1931ல கீழ விழுந்து அடிபட்டவங்க, 1951ல சாகுற வரைக்கும் பெரும்பாலும் அவங்க ரூமுக்குள்ளதான், படுத்துட்டே எழுதினாங்க. நீ அழுதப்பல்லாம் "ஏமி அம்மாவைப் பாரு"ன்னு அவங்களை எடுத்து உன்னை அடிச்சிருக்கேன்.

மாத்திரை விஷயத்துல மட்டும் அஜாக்கிரதையா இருக்காத பாப்பா.

சொல்லிடுறேன். நீ காலேஜ் ரெண்டாவது வருஷம், அந்த ஞாயித்துக்கிழமை. கூட்டத்துல ஜெபம் பண்ணாங்க, மறுநாள் உனக்கு வலி கொஞ்சம் குறைஞ்சுது, அவ்வளவுதான். நான் உன்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம சர்ச்சுல எழுந்து "என் மகள் பூரண சுகம் ஆயிட்டா"ன்னு சாட்சி சொல்லிட்டேன். எல்லாரும் கை தட்டினாங்க. உன்னை முன்னாடி கூப்பிட்டாங்க, நீ நொண்டாம நடந்து வந்த. நொண்டாம நடக்க நீ என்ன பாடு பட்டன்னு எனக்குத் தெரியும், உன் உதடு வெள்ளையா இருந்துச்சு, நான் பாத்தேன், பாத்துட்டு நானும் கை தட்டினேன். அப்புறம் அஞ்சு வாரம் நீ மாத்திரை போடல. அப்பா பொய் சொன்ன மாதிரி ஆயிடும்னு போடல. அம்மா அலமாரியில மாத்திரை அட்டையை எண்ணிப் பாத்து கண்டுபிடிச்சா. எனக்கு அதுக்கு முன்னாடியே தெரியும். நான் சும்மா இருந்தேன்.

உன் வலது கை நடுவிரல் இப்ப நிமிராது. அது அந்த அஞ்சு வாரத்துலதான் ஆச்சான்னு டாக்டர்கிட்ட கேக்க எனக்குத் தைரியம் வரல.

இன்னொண்ணும் உனக்கு நான் சொன்னதே இல்ல. அப்பல்லாம் காலைல உன் விரல் மடங்காது, சட்டை பட்டன் போட அரை மணி நேரம் ஆகும், கதவுக்கு வெளிய நான் நிப்பேன், உள்ள நீ ஏதோ பாட்டை முணுமுணுத்துட்டே இருப்ப. ஒரு தடவை கேட்டேன், எப்படிம்மா பாட முடியுதுன்னு. "வலிக்குதுப்பா, ஆனா அவர்கூட சண்டை இல்ல"ன்ன. உன் விசுவாசம் என்னுதைவிடப் பெருசா இருந்துச்சு பாப்பா. அதுக்கு நான்தான் ஒரு சாட்சி தேடினேன்.

இந்த அக்கில எனக்கும் ஒரு துளி கிடைச்சுது. ஒரு ராத்திரி அம்மா விசிறிட்டே பாடினா, உனக்குத்தான் தெரியுமே, ராகமும் இல்ல, ரெண்டாம் சரணத்துல பாதி வார்த்தை அவளோட சொந்த வார்த்தை. எனக்கு சிரிப்பு வந்துடுச்சு, சிரிச்சா விலா பிச்சுக்குது, அவ நிறுத்த மாட்டேங்குறா, ரெண்டு பேரும் சிரிக்கிறோம். வலி இம்மியும் குறையல. ஆனா அந்த ரூம்ல எங்க ரெண்டு பேரோட இன்னொருத்தர் இருந்தார்னு எனக்கு நல்லாத் தெரிஞ்சுது. பவுலுக்கு ஆண்டவர் "என் கிருபை உனக்குப்போதும்"னு சொன்னது அவர் உடம்புல இருந்த முள்ளை எடுக்காமதானே. நீ இருபது வயசுல கதவுக்கு உள்ள கண்டதை நான் இப்பதான் பாக்குறேன்.

சர்ச்சுல எழுந்து அன்னைக்கு சொன்னது பொய்னு சொல்லணும்னு இருக்கேன். போன வாரமே எழுந்திரிக்கப் போனேன், அப்புறம் தோணிச்சு, மறுபடியும் உன்னைக் கேக்காம உன் உடம்பைப் பத்தி நாலு பேர் முன்னாடி பேசுறதும் அதே தப்புதானே. அதான் கேக்குறேன். சொல்லவா, வேண்டாமா? வேண்டாம்னா விட்டுடுறேன், உன் பேரை எடுக்கவே மாட்டேன்.

மைக் ஆஃப்லயே இருக்கட்டும். வெள்ளிக்கிழமை மாத்திரை போட்டதும் ஒரு தம்ஸ் அப் மட்டும் அனுப்பு.

அப்பா