முதலில் சுவரைத் தொட்டுப் பாருங்கள், ஷேட் கார்டு அப்புறம்

வீட்டு அறைகளுக்குப் பெயின்ட் அடிக்கும் வேலையை எடுத்துச் செய்யும் ஒப்பந்தக்காரர்களுக்கும் மேஸ்திரிகளுக்கும் வணக்கம்.

எஸ்டிமேட் போட வீட்டுக்குள் வந்ததும் நீங்கள் முதலில் எடுப்பது அளவு நாடா. நீளம், உயரம், கதவு ஜன்னலுக்கான கழிவு எல்லாம் சரியாகக் குறித்துக்கொள்கிறீர்கள். "கடைசியா அடிச்சு எத்தனை வருஷம் ஆச்சு?" என்று ஒரு கேள்வி. ஐந்து என்று பதில் வந்தால், "அப்போ அடிச்சிட வேண்டியதுதான்" என்று நிறங்களைக் காட்டும் ஷேட் கார்டை விரித்துவிடுகிறீர்கள். இத்தனை நடந்தும் சுவரில் ஒருவர் கைகூட வைத்திருக்க மாட்டார். எனக்கு இருக்கும் குறை அதுதான்.

வருடக் கணக்கு பொய் என்று நான் சொல்லவில்லை. சமையலறைக்கு மூன்று நான்கு வருடம், வரவேற்பறைக்கு ஐந்திலிருந்து ஏழு வருடம் என்று தொழிலில் ஒரு கணக்கு புழங்குகிறது. தோராயமாக அது சரிதான். ஆனால் எப்போதாவது வரும் விருந்தாளிக்காகப் பூட்டிக் கிடக்கும் அறை பத்து வருடம் ஆனாலும் அப்படியே இருக்கும். சின்னக் குழந்தைகள் ஓடும் நடைபாதைச் சுவர் இரண்டு வருடத்தில் இடுப்பு உயரம் வரை கறுத்துவிடும். நான்கு சுவருக்குமேகூட ஒரே வயது கிடையாது. வெயில் நேராக விழும் சுவர் வெளுத்திருக்கும், எதிர்ச்சுவர் புதிதாகவே இருக்கும். அங்கே கை படுகிறதா, ஆவி படுகிறதா, வெயில் படுகிறதா என்று கேட்டால் கிடைக்கும் பதில், வருடத்தைக் கேட்டால் கிடைக்காது.

சில சுவர்களுக்குப் பெயின்ட்டே வேண்டாம், கழுவினால் போதும். சுவிட்ச் போர்டைச் சுற்றி இருக்கும் கறை, சோபா முதுகு உரசிய பட்டை, அடுப்புக்கு மேலே ஏறிய பிசுக்கு இதெல்லாம் அழுக்கு. மென்மையான சோப்பு நீரில் பஞ்சை நனைத்துப் பிழிந்து, கீழிருந்து மேலாகத் துடைத்தால் பெரும்பாலும் போய்விடும். மேலிருந்து ஆரம்பித்தால் அழுக்குத் தண்ணீர் காய்ந்த சுவரில் வழிந்து கோடு விழும், அதைப் போக்குவது தனி வேலை. பளபளப்பில்லாத மேட் பெயின்ட் என்றால் மட்டும் கொஞ்சம் கவனம். அழுத்தித் தேய்த்த இடம் மினுமினுத்து, அழுக்கைவிட அசிங்கமாகத் தெரியும். அதனால் மூலையில் ஓரிடத்தில் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் மற்ற இடத்துக்குப் போக வேண்டும். "கழுவிப் பாருங்க, போகலைன்னா கூப்பிடுங்க" என்று உங்களில் ஒருவர் சொல்லிவிட்டால், பிறகு அந்தக் குடும்பம் வேறு யாரையும் கூப்பிடாது.

கழுவியும் சரியாகவில்லை என்றால், பழைய பூச்சு சுவரைப் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. உள்ளங்கையால் சுவரைத் தேய்த்துப் பாருங்கள். மாவு மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தால் பூச்சின் பிடிப்பு போய்விட்டது என்று அர்த்தம். பழைய டிஸ்டெம்பர் (சுண்ணப் பொடி கலந்த மலிவான பூச்சு) சுவர்களில் இதை அடிக்கடி பார்க்கலாம். அதன் மேலேயே எமல்ஷன் (தண்ணீரில் கலக்கும் பெயின்ட்) அடித்தால், புதுப் பூச்சு சுவரைப் பிடிக்காமல் அந்த மாவைப் பிடித்துக்கொண்டு நிற்கும். எத்தனை நாளைக்கு நிற்கும்?

இன்னொரு சோதனை பிளேடும் ஒட்டும் டேப்பும். பெருக்கல் குறி போல இரண்டு கீறல், காரை தெரியும் ஆழத்துக்கு. அதன் மேல் நல்ல பசையுள்ள டேப்பை அழுத்தி ஒட்டி, ஒரே இழுப்பில் பிடுங்குங்கள். கீறலின் ஓரத்தில் துணுக்கு மட்டும் வந்தால் பழைய பூச்சு நன்றாக இருக்கிறது. உப்புத்தாள் போட்டு மேலே அடிக்கலாம். செதில் செதிலாக டேப்போடு வந்துவிட்டால், சுரண்டாமல் அடிக்கும் ஒவ்வொரு பூச்சும் வீண் செலவுதான். வீட்டுக்காரர் கண் முன்னால் இதைச் செய்து காட்டினால், சுரண்டும் கூலிக்கு அவர் பேரம் பேச மாட்டார்.

கொப்புளம் இருந்தால் ஒன்றைக் கத்தியால் திறந்து பாருங்கள். உள்ளே பழைய பெயின்ட் தெரிந்தால், மேல்கோட் கீழ்கோட்டோடு சேரவில்லை, அவ்வளவுதான். வெறும் காரை தெரிந்தால் கவலைப்பட வேண்டும். பெரும்பாலும் தண்ணீர் பின்னாலிருந்து வருகிறது.

இந்த ஓதம், அதாவது சுவருக்குள் ஊறும் ஈரம், பற்றித்தான் உங்களிடம் மனம்விட்டுப் பேச வேண்டியிருக்கிறது. சுவரின் அடிப்பகுதியில் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் வரை பூச்சு பொரிந்து, வெள்ளைப் பூ பூத்தாற்போல உப்பு தெரிகிறது. நீங்களும் பார்க்கிறீர்கள், நாங்களும் பார்க்கிறோம். "சுரண்டிட்டு பட்டி பார்த்து அடிச்சா சரியாயிடும்" என்கிறீர்கள் (பட்டி என்பது பெயின்ட்டுக்கு முன் சுவரைச் சமப்படுத்தப் பூசும் மாவு). ஆகாது என்று உங்களுக்கே தெரியும். செங்கல்லிலும் கலவையிலும் இருக்கும் உப்பைத் தண்ணீர் கரைத்து எடுத்து வருகிறது. சுவரின் முகத்துக்கு வந்ததும் தண்ணீர் ஆவியாகிறது, உப்பு அங்கேயே படிகமாகிறது. படிகம் வளர்ந்தால் இடம் கேட்கும். மேலே இருக்கும் பட்டியையும் பெயின்ட்டையும் தள்ளிவிட்டு எடுத்துக்கொள்ளும். எவ்வளவு உயர்ந்த பெயின்ட்டாக இருந்தாலும் இதை எதிர்த்து நிற்காது. தண்ணீர் வரும் வழியை அடைக்காதவரை, அந்தச் சுவருக்குப் பெயின்ட் அடிக்கும் காலம் வரவில்லை. அங்கே முதலில் வர வேண்டியவர் பிளம்பர், அல்லது கொத்தனார்.

ஈரம் சுவருக்குள் இருக்கிறதா, அறைக் காற்றில் இருக்கிறதா என்று சந்தேகமாக இருந்தால் ஒரு பிளாஸ்டிக் தாள் போதும். இரண்டடிச் சதுரமாக வெட்டி, நான்கு ஓரமும் காற்றுப் போகாமல் சுவரில் டேப்பால் ஒட்டி, ஒன்றிரண்டு நாள் விடுங்கள். தாளின் உட்புறம், அதாவது சுவர்ப் பக்கம், முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் சுவர் ஈரமாக இருக்கிறது. வெளிப்புறம் கோத்திருந்தால் ஆவி போக வழியில்லாத அறை அது. ஜன்னலைத் திறப்பதோ எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டுவதோதான் அதற்கு வைத்தியம். கூரையில் காபிக்கறை நிறத்தில் விழும் வளையமும் இப்படித்தான். மேலே எங்கோ ஒழுகியிருக்கிறது. ஒழுக்கை அடைத்து, நன்றாகக் காயவிட்டு, கறை தடுக்கும் பிரைமர் (அடிப்பூச்சு) போட்டபிறகே பெயின்ட். பிரைமர் போடாமல் தண்ணீரில் கரையும் எமல்ஷனை நேராக அடித்தால், அந்தக் கறை புதுப் பூச்சிலும் கரைந்து மேலே வந்துவிடும்.

குளியலறை மூலையில் கறுப்பாகத் தெரிவது அழுக்கா பூஞ்சையா என்று கண்டுபிடிக்க ஒரு துளி ப்ளீச் கரைசல் போதும். சில நிமிடங்களில் நிறம் வெளுத்தால் பூஞ்சை, அப்படியே இருந்தால் அழுக்கு. (ப்ளீச்சை அம்மோனியா உள்ள திரவத்தோடோ, ஆசிட் கலந்த கழிவறைத் திரவத்தோடோ சேர்க்கவே கூடாது. கிளம்பும் வாயு நச்சு.) பூஞ்சைக்கு மேல் பெயின்ட் அடித்தால் அது பெயின்ட்டுக்கு வெளியே தலைநீட்டும். கொன்று, துடைத்து, காயவைத்துத்தான் அடிக்க வேண்டும்.

விரிசல் விஷயத்தில் ஒன்றே ஒன்று கேட்கிறேன். மயிரிழை விரிசலைப் பட்டியால் மூடுங்கள், தவறில்லை. கதவு, ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் அகலமான விரிசலை மட்டும் உடனே மூடாதீர்கள். அதன் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். சில மாதத்தில் கோட்டைத் தாண்டிப் போயிருந்தால் கட்டடப் பொறியாளர் பார்க்க வேண்டியது அது. அதற்குள் மூடி அழகுபடுத்திவிட்டால், விரிசல் வளர்ந்ததே யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

வெள்ளை எனாமல் அடித்த கதவு மஞ்சளாகிவிட்டது என்று வீட்டுக்காரர்கள் பதறுவதுண்டு. எண்ணெய் சேர்ந்த பெயின்ட் வெளிச்சம் படாத இடத்தில் மஞ்சளாவது அதன் இயல்பு. திரைச்சீலைக்குப் பின்னாலும் அலமாரிக்கு உள்ளேயும்தான் இது அதிகம் தெரியும். வெளிச்சம் பட்டால் ஓரளவு திரும்பவும் வெளுக்கும். இதைச் சொல்லிவிட்டு, அப்புறமும் வேண்டும் என்றால் அடியுங்கள்.

"நிறம் அலுத்துவிட்டது, மாற்ற வேண்டும்" என்று சொல்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பெயின்ட் அடிக்க அது முழு நியாயமான காரணம்தான். ஆசைக்கு அடிப்பதை "சுவர் கெட்டுப்போச்சு" என்று பயமுறுத்தி விற்காதீர்கள் என்பதுதான் என் கோரிக்கை. ஆசைக்கு அடிப்பவர் ஒரு சுவரோடு நிறுத்திக்கொள்ளலாம். சுவர் கெட்டவர் எல்லாவற்றையும் சுரண்ட வேண்டியிருக்கும். இரண்டுக்கும் செலவில் பெரிய வித்தியாசம் உண்டு.

எப்போது அடிக்கக் கூடாது என்பதையும் நீங்களே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். புதுசாகச் சிமெண்ட் பூசிய சுவருக்குக் குறைந்தது நான்கு வாரமாவது விடுங்கள். பச்சைச் சிமெண்டின் காரம் எண்ணெய்ப் பெயின்ட்டை அரித்துவிடும். கைக்குழந்தையோ, கர்ப்பிணியோ, ஆஸ்துமா உள்ளவரோ இருக்கும் வீட்டில், அவர்கள் சில நாள் வேறெங்காவது தங்க வழி இருக்கும்போதுதான் அடிக்க வேண்டும். தொட்டால் கையில் ஒட்டவில்லை என்பதற்காகப் பூச்சு இறுகிவிட்டது என்று அர்த்தமில்லை. எமல்ஷன் முழுதாக இறுக சில வாரம் ஆகும். அதுவரை தேய்த்துக் கழுவ வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

மிகப் பழைய வீடு என்றால் இன்னொரு கவனமும் வேண்டும். அடியில் இருக்கும் பழைய பூச்சில் ஈயம் இருக்கலாம். கட்டடங்களின் உட்புறத்தில் வெள்ளை ஈயப் பெயின்ட் அடிப்பதைத் தடுக்கும் உடன்படிக்கையை சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1921லேயே கொண்டுவந்தது. பெயின்ட் அடிக்கும் தொழிலாளிகள் நோயில் விழுந்ததுதான் காரணம். நூறு வருடம் கழிந்தபிறகும் உங்கள் ஆட்கள் முகத்தில் ஒரு துணிகூடக் கட்டாமல் பழைய எனாமலை உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்கிறார்கள். அந்தத் தூளை முதலில் சுவாசிப்பது அவர்கள்; அப்புறம் தரையில் தவழும் குழந்தை. சந்தேகம் இருந்தால் தேய்க்கும் முன்பே பரிசோதனைக்குக் கொடுத்துப் பாருங்கள். முடிவு வரும்வரை அதைத் தொடாதீர்கள், நன்றாகப் பிடித்திருக்கும் பூச்சைச் சீண்டவே வேண்டாம்.

இதற்கெல்லாம் நேரம் ஆகும், யார் காசு கொடுப்பார்கள் என்று கேட்பீர்கள். நியாயம்தான். சுவர் பார்ப்பதற்குத் தனிக் கட்டணம் வாங்குங்கள், வேலை உங்களுக்கே வந்தால் அதில் கழித்துக்கொள்ளுங்கள். "இந்த வருஷம் அடிக்க வேண்டாம்" என்று நீங்கள் சொல்வதற்கும் சேர்த்துத்தான் அந்தக் கட்டணம். இலவசமாக வருகிறவருக்கு அப்படிச் சொல்லக் கட்டுப்படியாகாது என்பது எங்களுக்கும் புரிகிறது.

வேலை முடிந்து கிளம்பும்போது மீந்த பெயின்ட்டை மூடி இறுக்கி வைத்து, டப்பா மேல் எந்த அறை, எந்தச் சுவர், ஷேட் எண், தேதி நான்கையும் எழுதிவிட்டுப் போங்கள். அடுத்த வருடம் ஒரு கீறல் விழுந்தால் அதை வைத்தே சரிசெய்துகொள்வோம். சில வருடம் போனபிறகு டச்சப் திட்டாகத் தெரியும், அப்போது மூலைக்கு மூலை அந்த ஒரு சுவரை மட்டும் அடித்தால் போதும். வீட்டையே புரட்ட வேண்டாம்.

எஸ்டிமேட் தாளில் சதுர அடிக்கு மேலே, அறைக்கு ஒரு வரி இடம் விடுங்கள். "படுக்கையறை: கழுவினால் போதும்." "கூடம், வடக்குச் சுவர்: டேப்பில் உரிகிறது, சுரண்ட வேண்டும்." "குளியலறை ஒட்டிய சுவர்: ஈரம், பிளம்பர் பார்த்தபிறகு." அப்படி எழுதிய தாளோடு வருகிறவரிடம் நான் விலையை அப்புறம்தான் கேட்பேன்.

இப்படிக்கு,
பெயின்ட் அடிக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் ஒரு வீட்டுக்காரர்