விருப்ப ஓய்வு எழுதிக் கொடுப்பதற்கு முன்

அன்பு நண்பனுக்கு,

கர்த்தருக்குள் ஸ்தோத்திரம். உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டுவலி மட்டும் விட்டபாடில்லை. ஆனாலும் ஞாயிறு ஆராதனைக்கு முதல் ஆளாகக் கிளம்பிவிடுகிறாள். மகள் நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். மளிகைக் கடை எப்போதும்போல ஓடுகிறது. போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக இடையன்குடி போய்வந்தோம்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். ஆபீஸும் பஸ்ஸுமாகவே நாள் போய்விடுகிறது, ராத்திரி வேதத்தைத் திறந்தால் தூக்கம் வருகிறது, கர்த்தர் என் வாழ்க்கையில் ஓரமாக நிற்கிறார், விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு முழுநேர ஊழியத்துக்கு வந்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். அந்தத் தவிப்பைக் கர்த்தர்தான் உனக்குள் வைத்திருக்கிறார் என்று நம்புகிறேன். ஆனால் நீ எடுக்கப் பார்க்கும் முடிவில் எனக்குச் சம்மதம் இல்லை. இத்தனை வருஷப் பழக்கத்தில் உன்னிடம் அதை மறைத்து எழுத மனம் வரவில்லை.

ஊழியக்காரர் கர்த்தருடைய வேலையைச் செய்கிறார், ஆபீசுக்கும் வயலுக்கும் போகிறவர்கள் உலக வேலையைச் செய்கிறார்கள் என்று நம் சபைகளில் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறோம். வேதத்தில் அப்படி ஒரு கோட்டை நான் பார்க்கவில்லை. அந்நிய ராஜாவிடம் உத்தியோகம் பார்த்த தானியேலை எடுத்துக்கொள். ஓய்வுநாள் பள்ளியில் அவனைச் சிங்கக் கெபியில், அதாவது சிங்கங்களின் குகையில், போட்ட கதையை நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அதற்கு முன்னால் உள்ள வசனங்களை வேகமாகத் தாண்டிவிட்டார்கள். 120 தேசாதிபதிகள், அவர்களுக்கு மேலே 3 பிரதானிகள், அதில் ஒருவன் தானியேல். கணக்குக் கேட்கிற உத்தியோகம்! அவனைக் கவிழ்க்க நினைத்தவர்கள் முதலில் துருவிப் பார்த்தது அவனுடைய ராஜாங்க வேலையைத்தான். அங்கே ஒரு குற்றமும் குறைவும் அகப்படவில்லை. அதன் பிறகுதான் அவனுடைய ஜெபத்தின்மேல் கைவைத்தார்கள். தினம் மூன்று வேளை எருசலேமை நோக்கி முழங்கால்படியிட்டவனும், கறைபடாமல் கணக்குப் பார்த்தவனும் ஒரே ஆள்தான். உன்னைப் போல ஒருவன் அந்த நாற்காலியை விட்டு எழுந்தால், அதில் யார் வந்து உட்காருவார் என்று யோசித்துப் பார்த்தாயா?

நேரம் இல்லை என்கிறாய். நெகேமியா ராஜாவுக்குத் திராட்சரசம் எடுத்துக் கொடுக்கிற வேலையில் இருந்தவன். நீ கேட்கிற காரியம் என்ன என்று ராஜா கேட்கிறார். அவன் பதில் சொல்வதற்கு முன் பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபம்பண்ணினான் என்று எழுதியிருக்கிறது. ராஜாவைக் காக்க வைத்துவிட்டு எவ்வளவு நேரம் ஜெபித்திருக்க முடியும்? ஒரு மூச்சு நேரம். எருசலேமின் அலங்கம், அதாவது மதில், இடிந்து கிடக்கிறது என்று கேட்ட நாள்முதல் உபவாசித்து அழுதவனும் அவன்தான், அதையும் சொல்ல வேண்டும். தனியாக அழுத ஜெபம் இருந்ததால்தான் அந்த ஒரு மூச்சும் தானாக வந்தது. அதனால் ராத்திரி வேதத்தை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. தூக்கம் வருகிறதென்றால் காலையில் பஸ் ஏறுவதற்கு முன் வாசி. ஒரு கோப்போடு லஞ்சக் கவரும் சேர்ந்து உன் மேஜைக்கு வருமே, அந்த நொடியில் கர்த்தரைக் கூப்பிடப் பழகு.

நான் இப்போது திரும்பத் திரும்ப வாசிப்பது வேதத்தில் லேவியராகமம் 19ஆம் அதிகாரம். நீங்கள் பரிசுத்தராயிருங்கள் என்று ஆரம்பிக்கிறது. நானாக இருந்தால் அடுத்து தூபவர்க்கம், பலிபீடம் என்று எதிர்பார்ப்பேன். பலியைப் பற்றிச் சில வசனங்கள்தான். பிறகு பார், வயல் ஓரத்தை முழுக்க அறுக்காதே, எளியவனுக்கு விட்டுவை. கூலிக்காரனுடைய கூலி விடியும்வரை உன்னிடம் தங்கக் கூடாது. செவிடனைத் திட்டாதே, குருடனுக்கு முன் தடுக்கல் வைக்காதே. நரைத்தவனுக்கு முன்பாக எழுந்திரு. படியும் தராசும் நிறைகல்லும் சரியாக இருக்கட்டும். நடுநடுவே "நான் கர்த்தர்", "நான் கர்த்தர்" என்று வந்துகொண்டே இருக்கிறது. செவிடனுக்குத் திட்டுவது கேட்காது, குருடனுக்குக் கல் வைத்தவன் தெரியாது. பார்க்கிறவர் ஒருவர் இருக்கிறார். கடையில் மூட்டை தூக்கும் பையனுக்கு நாளைக்குத் தருகிறேன் என்று சொல்ல வாயெடுக்கும்போது அந்த அதிகாரம் என்னைப் பிடித்துக்கொள்கிறது. அரிசி எடை போடும்போதும் அப்படித்தான். தராசு முன்னால் நிற்பதும் ஆலயத்தில் நிற்பதும் எனக்கு இப்போது வேறு வேறாகத் தோன்றவில்லை.

இன்னொன்றும் மனதை அரிக்கிறது. புத்தாண்டு ஆராதனையில் அந்த வருஷத்துக்கான வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம். உயர்த்துவேன், பெருகப்பண்ணுவேன் என்று வந்தால் முகம் மலர்ந்து சட்டம் போட்டு மாட்டுகிறோம். "நான் பரிசுத்தர், ஆகையால் நீங்களும் பரிசுத்தராயிருங்கள்" என்பது எந்த வீட்டுச் சுவரிலாவது தொங்குகிறதா? என் வேலை, என் வீடு, என் பிள்ளைகள் என்று நம்மை நடுவில் வைத்துக்கொண்டு, அதற்கு ஒத்தாசை செய்யக் கர்த்தரைக் கூப்பிடுகிறோம். ஆண்டவர் கற்றுக்கொடுத்த ஜெபத்தில் முதலில் அவருடைய நாமம், அவருடைய ராஜ்யம், அவருடைய சித்தம். சாப்பாடு பிறகுதான் வருகிறது. முழுநேர ஊழியத்துக்கு வந்தாலும் இந்த வரிசை மாறாவிட்டால் ஊழியத்திலும் நாம்தான் நடுவில் இருப்போம். அப்படிப்பட்ட ஊழியங்களை நீயும் பார்த்திருக்கிறாய்.

இடையன்குடியில் கால்டுவெல் எழுப்பிய ஆலயத்தை நிதானமாகச் சுற்றிப் பார்த்தேன். மிஷனரியான அவர் அங்கே 1841இல் வந்தார்; ஆலயப் பிரதிஷ்டை நடந்தது 1880இல். அத்தனை காலம் ஒரு செம்மணல் தேரிக்காட்டு ஊரில் இருந்து ஜனங்களோடு ஆலயத்தை எழுப்பியிருக்கிறார். முதலூர் முதற்கொண்டு நம் பக்கத்துக் கிறிஸ்தவ ஊர்களில் நம் முன்னோர்கள் ஆலயத்தைச் சுற்றித்தான் குடியேறினார்கள். காலையும் மாலையும் மணி அடித்தால் பனையேறுகிறவரும் முறம் பிடிக்கிறவரும் ஜெபத்துக்கு வந்துவிட்டு வேலைக்குத் திரும்பினார்கள். பனையேற்றை விட்டுவிட்டால்தான் கர்த்தருக்குப் பிரியம் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

உன்னைக் கர்த்தர் உண்மையாகவே ஊழியத்துக்கு அழைக்கிறார் என்றால் தடுக்க நான் யார்? ஆனால் ஆபீசில் அவரைக் காணவில்லை என்பதற்காகக் கிளம்பாதே. மேலதிகாரியோடு உனக்கு இருக்கிற கசப்பும் இந்த முடிவில் கலந்திருக்கிறதா என்று ஜெபத்தில் கேட்டுப் பார். தங்கச்சி, உன் மனைவி, என்ன சொல்கிறாள் என்று நீ எழுதவே இல்லை. அவளிடம் முதலில் பேசு. கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வருவாய்தானே? எங்கள் வீட்டில் இரண்டு நாள் தங்கிப் போ. அதுவரை அந்தத் தாளில் கையெழுத்துப் போட வேண்டாம். அம்மாவுக்கும் மகளின் பரீட்சைக்கும் ஜெபித்துக்கொள்.

உன் அன்பு நண்பன்