சலுகை என்று எழுதியது யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் இதழில் வந்த சிறைச் சீர்திருத்தக் கட்டுரையில், அதிகாரிகளின் குடியிருப்புகளுக்கு வேலைக்கு அனுப்பப்படுவதை நன்னடத்தைக் கைதிகள் சலுகையாகவே கருதுகிறார்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி இருந்தது. நாற்பது ஆண்டுகளாகக் காசு கொடுத்து வாங்கிப் படிப்பவன் என்ற உரிமையில் சொல்கிறேன், அந்த வரிக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை.

அந்தச் சலுகையின் இலட்சணம் வேலூரில் தெரிந்ததைத் தாங்கள் அறியாதவரல்லர். சிறைத்துறை உயரதிகாரி வீட்டில் வேலைக்கு வைக்கப்பட்ட ஆயுள் கைதி மீது திருட்டுப் பழி விழுந்தது. அவரை அடித்துத் துன்புறுத்தி 95 நாள் தனிமைச் சிறையில் வைத்தார்கள் என்ற புகாரோடு அவருடைய தாய் உயர் நீதிமன்றப் படியேறிய பிறகுதான், 2024இல் சிபிசிஐடி விசாரணைக்கு உத்தரவு பிறந்தது.

கடுங்காவல் கைதியிடம் வேலை வாங்கலாம், ஆனால் நியாயமான ஊதியம் தர வேண்டும் என்று குஜராத் வழக்கில் 1998இலேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. புழல் சிறை நடத்தும் பெட்ரோல் பங்கில் கைதிகள் பெட்ரோல் போடுவதை நான் குறை சொல்லவில்லை. அது ஊரறிய நடக்கிறது, அதற்குக் கணக்கும் கூலியும் உண்டு. ஆனால் அதிகாரி வீட்டு அடுக்களையில் வெங்காயம் உரிக்க வேண்டும் என்று எந்தத் தீர்ப்பின் எந்தப் பத்தியில் இருக்கிறது என்று தங்கள் கட்டுரையாளர் காட்டுவாரானால், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு காத்திருக்கிறேன்.

நான் அரசுக் கட்டடப் பராமரிப்பில் பணியாற்றி ஓய்வுபெற்றவன். மத்தியச் சிறை உள்ள ஓர் ஊரில், அதிகாரி ஒருவரின் பங்களாவில் கழிவுநீர்க் குழாய் அடைப்பைப் பார்க்கப் போயிருந்தேன். வெள்ளைச் சட்டை, வெள்ளை அரைக்கால் சட்டை அணிந்த பெரியவர் ஒருவர் முழங்கை வரை சாக்கடையில் விட்டுச் சேற்றை அள்ளிக்கொண்டிருந்தார். காவலுக்கு வந்த வார்டர் அந்த வீட்டுப் பிள்ளையின் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். பெரியவர் என்னை மேலதிகாரி என்று நினைத்தாரோ என்னவோ, "ஐயா, இந்த நாளு என் கணக்குல ஏறுமுங்களா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த அடைப்பை நீக்கியதற்கு இரண்டு கூலியாட்கள் பெயரில் எங்கள் அலுவலகத்தில் பட்டியல் போடப்பட்டது மட்டும் தெரியும். அதில் என் சுருக்கொப்பமும் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

காவல்துறையில், காவலர்களை அதிகாரிகளின் வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்ளும் ஆர்டர்லி முறையை 1979இலேயே ஒழித்து அரசாணை போட்டார்கள். ஒழிந்ததா? 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் மறுபடியும் கண்டிக்க வேண்டியிருந்தது. சீருடையும் சம்பளமும் உள்ள காவலருக்கே இந்தக் கதி என்றால், மறுத்துப் பேசினால் பரோலும் தண்டனைக் குறைப்பும் என்ன ஆகுமோ என்று அஞ்சி நிற்பவரிடம் விருப்பம் கேட்டுத்தான் வேலை வாங்கினார்கள் என்று நம்புவதற்குத் தங்கள் கட்டுரையாளருக்கு மிகப் பெரிய மனம் இருக்க வேண்டும்.

நான் கேட்பது சிறியதுதான். அடுத்த இதழில் ஓர் ஓரத்தில், "சலுகை" என்ற அந்தச் சொல்லுக்கு ஒரு வரித் திருத்தம் போடுங்கள். இடமில்லை என்றால், பிழைத்திருத்தப் பகுதியில் ராசிபலனுக்குக் கீழே போட்டாலும் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
கும்பகோணம்.