‘புதுசு’ என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வாகனச் சாமான் கடைகளில் பழையதைப் புதுசு என்று விற்கிற கதையை எழுதத்தான் இந்தக் கடிதம். நடுவில் கொஞ்சம் எஞ்சின் கதையும் வரும், அதைச் சொல்லாமல் நான் எப்படி ஏமாந்தேன் என்பது விளங்காது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் இருப்பது 1993ஆம் ஆண்டு ஹோண்டா சிவிக் எஸ்.ஐ.ஆர். பி16ஏ எஞ்சின், 1595 சிசி, டர்போ ஒன்றும் இல்லாமலே நிமிடத்துக்கு 7800 சுற்றில் 170 குதிரைவலு. 5500 சுற்றைத் தாண்டினால் சத்தமே வேறு. அந்தச் சத்தத்துக்காகத்தான் இன்னும் விற்காமல் வைத்திருக்கிறேன், வீட்டில் கேட்டால் மட்டும் பெற்றோல் மிச்சம் என்று சொல்லுவேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து 2025 பெப்ரவரியில் திரும்பத் திறக்கும் வரை பழைய காரைக் கட்டி இழுத்தவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள். திறந்த பிறகும் புதுக் காரின் விலையைக் கேட்டுவிட்டு அதே பழைய காரிலேயே வீட்டுக்குத் திரும்பியவர்கள்தான் அதிகம்.

சரி, விஷயம் இதுதான். ஒரு நாள் பின்னேரம் தம்புள்ளைப் பக்கமிருந்து வருகிறேன், ஹபரணை தாண்டிக் கந்தளாய்க்கு வருகிற காட்டுப் பாதை. கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் சுற்றைக் காட்டுகிற ஆர்.பி.எம். முள் பொத்தென்று பூச்சியத்துக்கு விழுந்தது, எஞ்சின் நின்றுவிட்டது. யானை கடக்கிற இடம், இருட்டப் போகிறது, மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை (அதுதான் இன்னும் பயம்). அரை மணித்தியாலம் சூடு ஆறவிட்டு சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிறது. அடுத்த கிழமை சீனக்குடாவில் இதே கதை, அப்புறம் நிலாவெளி வீதியில்.

முதலில் போன கராஜில் பிளக், பிளக் வயர், பெற்றோல் ஃபில்டர் எல்லாம் மாற்றினார்கள். பிறகு பெற்றோல் பம்புக்கு மின்சாரம் கொடுக்கிற மெயின் ரிலேயைக் கழற்றி ஈயம் வைத்தார்கள். அந்தக் காலத்து ஹோண்டாவில் மெயின் ரிலேயின் ஈயம் வெடித்து, சூட்டில் ஸ்டார்ட் ஆகாமல் போவது உண்மைதான், அதற்காக அவர்களைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் ரிலே போனால் சாவியை ‘ஒன்’ பண்ணும்போது பின்பக்கம் டாங்கியில் இரண்டு விநாடி கேட்கிற பம்பின் முனகல் கேட்காது. எனக்கு அது ஒவ்வொரு தடவையும் கேட்டது. முள் வேறு விழுந்தது. அந்த முள்ளுக்குத் தகவல் போவதே, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடுகிற டிஸ்ட்ரிபியூட்டருக்குள் தீப்பொறியைத் தூண்டுகிற இக்னைட்டரிலிருந்துதான், கார் உருளும்போதே முள் விழுந்தால் சந்தேகம் முதலில் அங்கேதான் போக வேண்டும். இதை நான் அப்போதே அறிந்திருந்தால் பாதிக் காசு மிஞ்சியிருக்கும்.

கடைசியில் டிஸ்ட்ரிபியூட்டர்தான் என்று முடிவானதும் கொழும்பில் ஒரு கடைக்குப் போன் பண்ணினேன். “பிராண்ட் நியூ, பெட்டி உடைக்காதது” என்றார்கள். 68,000 ரூபாய் வங்கியில் போட்டேன், இரவு பஸ்ஸில் பார்சல் வந்தது. பளபளவென்று கறுப்பு. பூட்டினோம், ஓடியது. பத்தொன்பதாவது நாள் நின்றது.

இந்த முறை பாலம் தாண்டிக் கிண்ணியாவில் ஒரு மெக்கானிக் நானாவிடம் கொண்டுபோனேன். அவர் காரைப் பார்க்க முதல் டிஸ்ட்ரிபியூட்டரின் திருகாணிகளைப் பார்த்தார். “தம்பி, இது ஏற்கெனவே கழட்டின சாமான்” என்றார். திருகாணித் தலைகளில் கீறல், அந்தக் கீறலுக்கு மேலே பெயின்ட். மூடியைத் திறந்தால் உள்ளே செங்கல் தூள் மாதிரி துரு. பெயாரிங் தேய்ந்தால் இப்படித்தான் கொட்டும். தண்டை விரலால் அசைத்தால் ஆடுகிறது. மூடியும் அதற்குள் சுழல்கிற ரோட்டரும் புதுசு, மற்றதெல்லாம் யாரோ ஒருவருடைய காரில் ஓடி முடிந்தவை. பெட்டி எங்கே அச்சடித்தார்களோ, அது மட்டும் அருமையான பெட்டி.

பிறகு அவர் என்னுடைய பழையதையே எடுத்து வரச் சொன்னார். முப்பது வருஷம் உழைத்த சாமான், அதைத் திட்ட மனம் வராது. உள்ளே பற்சக்கரங்கள் எந்தப் பக்கம் பார்த்து இருந்தன என்று போனில் படம் எடுத்துவிட்டு, சின்னப் பின்னைத் தட்டிக் கழற்றி, பெயாரிங்கும் ஒயில் சீலும் மாற்றினார். இக்னைட்டர் புதுசு. அதன் முதுகில் சூடு கடத்துகிற வெள்ளைப் பசை பூச வேண்டும், அதைப் பூசாமல் பூட்டினால் நம் ஊர் வெயிலுக்குப் புது இக்னைட்டரும் வெந்து போகும் என்றார். என் பழைய மூடியின் முனைகள் உப்புக் காற்றுக்கு வெள்ளை பூத்திருந்தன, அதுவும் மாற்றியாயிற்று. தண்டின் முனை கேம் தண்டின் பள்ளத்தில் ஒரு விதமாக மட்டும்தான் உட்காரும், தலைகீழாகப் பூட்டிவிடுவோமோ என்ற பயம் வேண்டாம். டைமிங்தான், அதாவது தீப்பொறி விழுகிற நேரம்தான் கவனம்: எஞ்சினைச் சூடாக்கி, இதற்கென்றே காரில் இருக்கிற சர்விஸ் கனெக்டரின் இரண்டு முனையையும் வயரால் இணைத்து, டைமிங் லைட் பிடித்து 16 பாகைக் கோட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் மூன்று ஆணியையும் இறுக்கினார். இணைக்காமல் லைட் பிடித்தால் எஞ்சின் கம்ப்யூட்டர் தன் பாட்டுக்கு டைமிங்கை நகர்த்திக்கொண்டே இருக்கும், பார்த்தது ஒன்றாகவும் இருப்பது வேறாகவும் போய்விடும். கூலியும் சாமானும் சேர்த்து, அந்தப் ‘புதுசு’ விலையில் பாதி கூட வரவில்லை.

இப்போது கடைக்காரரிடம் வருவோம். போன் பண்ணினால், “மின்சாரச் சாமான் திருப்பி எடுப்பதில்லை” என்றார். பில் கேட்டேன். என்னிடம் இருந்தது விசிட்டிங் கார்ட்டின் பின்பக்கம் ‘டிஸ்டி. 1’ என்று கிறுக்கிய எழுத்து மட்டும்தான். வாங்குகிறவர் கேட்டால் விற்கிறவர் பற்றுச்சீட்டு கொடுக்க வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் சட்டத்தில் இருக்கிறது, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். இதெல்லாம் நான் காசைக் கொடுத்து ஏமாந்த பிறகு தேடிப் படித்தது.

பழைய சாமான் விற்பது குற்றம் என்று நான் சொல்லவில்லை. ஜப்பானிலிருந்து கழற்றி வருகிற சாமான் இல்லையென்றால் எங்கள் கார்கள் என்றைக்கோ பழைய இரும்புக்குப் போயிருக்கும். பழையது என்று சொல்லி, பழைய விலைக்கு விற்கட்டும், வாங்குகிறோம். பில்லில் ‘புதியது’ அல்லது ‘பாவித்தது’ என்று ஒரு சொல், சாமானில் அடித்திருக்கிற இலக்கம், திகதி. இவ்வளவுதான் கேட்கிறேன். எழுதித் தர மறுத்தால் அங்கேயே போனை வைத்துவிடலாம்.

உங்கள் வாகனப் பக்கத்தில் வாரா வாரம் புதுக் கார்களின் விலை வருகிறது. வரட்டும், பார்த்துப் பெருமூச்சு விட நன்றாக இருக்கிறது. பக்கத்தில் ஒரு கால் பத்தி ஒதுக்கி இந்த நானா மாதிரி ஆட்களைப் பழைய வாகனங்களைப் பற்றிப் பேசவைத்தால் என்ன? அவர் எழுதமாட்டார், யாராவது போய்க் கேட்டால் சொல்லுவார்.

போன கிழமை அதே ஹபரணைப் பாதையில் போய் வந்தேன், கார் நிற்கவில்லை. அந்தக் கறுப்பு டிஸ்ட்ரிபியூட்டர் பெட்டியோடு வீட்டில் இருக்கிறது. விற்றவர் இதை வாசித்தால், பஸ் பார்சல் செலவை நானே கொடுத்துத் திருப்பி அனுப்பத் தயார்.

இப்படிக்கு,
உவர்மலை வாசகர் ஒருவர்,
திருகோணமலை.